திருப்பத்தில் நின்ற வாகை

எங்கள் பூங்காவின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. செய்யக்கூடாதவை பதினான்கு. செய்யக்கூடியது ஒன்றுகூட அதில் இல்லை. அப்படி எழுதும் வழக்கம் அலுவலகங்களில் கிடையாது. தடைகளுக்கு நடுவே எது மிஞ்சுகிறதோ அதுதான் அனுமதி. நாய் கூடாது, பந்து கூடாது, பூப் பறிக்கக் கூடாது, புல்லில் படுக்கக் கூடாது. அந்தப் பலகைக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்சு. தினமும் காலை ஐந்தே முக்கால் முதல் ஆறரை வரை அதில் நான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி நடப்பாள்.

தனியாக நடப்பாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை.

சர்க்கரை முதலில் இடக்கண்ணை எடுத்துக்கொண்டது, பிறகு வலக்கண்ணை. புதுச்சேரிக்கு நடையாய் நடந்தோம். மருத்துவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசைப்படி செய்தார்கள். வரிசை முடிந்தது, பார்வையும் முடிந்தது. அவள் அதிகம் அழவில்லை. திண்டிவனத்துத் தொலைபேசி நிலையத்தில், ஒயரைச் சொருகி ஒயரைப் பிடுங்கி இணைப்புக் கொடுத்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். காதால் சம்பாதித்தவள். "ஹலோ" என்ற ஒரு சொல்லை வைத்து, அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஜலதோஷமா கோபமா என்று சொல்லிவிடுவாள். "கண்ணு போனா போவட்டும், அது எப்பவும் பார்ட் டைம்தான் எனக்கு" என்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பேருந்தில் சொன்னாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆனால் தெருவில் அவளால் தனியாக ஓரடி வைக்க முடியாது. விழுப்புரத்துத் தெருவில் கண்ணுள்ளவனே கடவுள் துணையோடுதான் நடக்கிறான். மூடாத கால்வாய், எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம், நடுவழியில் அசைபோடும் மாடு. வீட்டிலோ எட்டெட்டுக் காலடியில் எல்லா அறையும் முடிந்துவிடும். ஆக, ஒரு மனிதப் பிறவி வேறொருவர் கையைப் பிடிக்காமல் கால் வீசி நடப்பதற்கு எங்கள் ஊரில் அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பூங்கா. ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம். அதைத்தான் நான் கெடுத்தேன்.

முதல் சில மாதங்கள் நான்தான் கையைப் பிடித்து நடத்தினேன். நடக்கும்போது அவள் ஜெபமாலை சொல்வாள். எங்கள் இருவர் வீடும் தலைமுறைகளாகக் கத்தோலிக்க வீடு; எனக்கு ஞாயிறு பூசையோடு சரி, அவளுக்குத் தினமும் ஐம்பத்து மூன்று மணி ஜெபம். ஒரு நாள் வாசலுக்கு வந்ததும் என் விரல்களைப் பிரித்து விட்டாள்.

"நீங்க உக்காருங்க. நான் போய்ட்டு வர்றேன்."

"எங்க போற?"

"இன்னா கேள்வி இது? சுத்திட்டுத்தான் வருவேன். காஷ்மீருக்கா போறேன்?"

பின்னாலேயே போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல். முதல் ஊஞ்சலுக்கு வந்ததும் திரும்பாமலேயே சொன்னாள்: "செருப்பப் போட்டுக்குங்க, முள்ளு குத்தப் போவுது."

பிறகுதான் விளங்கியது. அவள் ஜெபமாலையை அளவுகோலாக ஆக்கியிருந்தாள். பாதை முழுச் சுற்றும் ஐந்து பத்து; ஒரு தேவரகசியத்தைத் தியானிக்கப் பத்து மணி. முதல் பத்து மணி முடியும் இடத்தில் ஊஞ்சல். அதன் சங்கிலி கிறீச்சிடும். ("அதுக்கு எண்ணெய் போடாத வரைக்கும் எனக்குக் கவலையில்ல.") இரண்டாவது பத்தில் புங்க மர வரிசை, முகத்தில் நிழல் ஏறும். மூன்றாவது முடியும்போது மோட்டார் அறையின் ஈர வாசனை. நான்காவது பத்து முடியும் இடத்தில் ஒரு வாகை. அங்கே பாதை சட்டென்று இடப்பக்கம் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் ஆறு படி இறங்கி ஒரு பள்ளம். அதற்கு நீரூற்று என்று பெயர். நீரும் கிடையாது, ஊற்றும் கிடையாது. திரும்பிவிட்டால் ஐந்தாவது பத்தில் வாசலுக்கு வெளியே கேப்பைக்கூழ் விற்பவரின் குரல் கேட்கத் தொடங்கும்.

"எண்ணிக்கை தப்பினா?" என்று கேட்டேன்.

"தப்பும். துக்க தேவரகசியம் சொல்ற அன்னிக்கி நடை மெதுவாயிடும், சந்தோச தேவரகசியத்துல ஓடும். மணி கணக்கு சும்மா தோராயம்தான். திரும்பச் சொல்றது அந்த மரம்."

தை மாதம் தொடங்கிக் கோடை வரை வாகையில் காய்ந்த நெற்றுகள் தொங்கும். லேசான காற்றுக்கே கிலுகிலுவென்று சத்தம் போடும். அது ஓய்ந்தால் பூ வந்துவிடும். வாசனை முப்பதடிக்கு முன்பே வந்து கூப்பிடும். மழைக்காலத்தில் அடர்ந்த இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக நெற்றியில் விழும். வருடம் முழுக்க ஏதோ ஒரு விதத்தில் அந்த மரம் அவளுக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கைத்தடி ஒன்று வாங்கித் தந்தேன். "இது தட்டிக்கினே வந்தா அந்தச் சத்தத்துல நான் எதக் கேக்கறது?" என்று கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டாள்.

இப்படி நாலு வருடம். நான் பெஞ்சில், அவள் பாதையில். தூரத்தில் அவள் கையை வீசி வருவதைப் பார்க்கும்போது, சில காலைகளில் செய்தித்தாளை மடக்கி வைத்துவிடுவேன். இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஒரு தை மாதக் காலையில், காற்றே இல்லாத நேரத்தில், வாகையின் காய்ந்த கிளை ஒன்று அவளுக்கு நாலடி பின்னால் விழுந்தது. அவள் நிற்கவில்லை. சொல்லிக்கொண்டிருந்த ஜெபத்தை முடித்து, சுற்றையும் முடித்து, வாசலுக்கு வந்து, "உங்க அரசாங்க மரம் ஒண்ணு கீழ போட்டுச்சி, போய்ப் பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். என் தொடை கனம். மேலே அதே போல இன்னொன்று காய்ந்து தொங்கியது, சரியாகப் பாதைக்கு மேல்.

எங்களோடு தினமும் நடக்க வருபவர்களில் காணை என்ற ஊர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் உண்டு. கரும்புக் கொல்லையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மகன் வீட்டோடு வந்திருப்பவர். அவருக்கும் சர்க்கரைதான் வழிகாட்டி. அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"இதுக்கு இன்னா சார் யோசன? ஒரு கொடுவா போதும். நாளைக்கி வெடிகாலம் ஏறி ரெண்டு தட்டு தட்டி உட்டுட்டுப் போறேன். காஞ்சது அந்த ஒத்தக் கிளைதான். மரம் இரும்பாட்டம் இருக்குது."

நான் அவருக்குச் சட்டத்தை விளக்கினேன். அரசு நிலத்து மரம், எழுத்து மூலமான அனுமதி, பொதுச் சொத்துக்குச் சேதம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அதுவா ஒருத்தர் மண்டையில வுழுந்தா சார்?"

"அது இயற்கை நிகழ்வு."

"செரி சார். நீங்க படிச்சவங்க."

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி என் முழங்கையைப் பிடித்தபடி சொன்னாள்: "அவர வெட்டச் சொல்லிட்டு நீங்க அந்தாண்ட திரும்பிக்கினு நின்னா போதாதா? சர்வீஸ்ல எத்தினி பேரு செஞ்சதுக்கு அப்டி நின்னிருக்கீங்க."

உண்மைதான். ஆனால் ஓய்வு பெற்றவனுக்கு நேர்மை எளிது. நான் மனு எழுத உட்கார்ந்தேன்.

அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு மனு எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும், எந்தச் சொல் பட்டால் விழிக்கும் என்பது எனக்கு அத்துப்படி. முதலில் எழுதிய மனு நாலே வரி: பாதைக்கு மேல் காய்ந்த கிளை ஒன்று உள்ளது, பார்வையற்ற ஒருவர் தினமும் நடக்கிறார், கிளையை அகற்றித் தர வேண்டும். படித்துக் காட்டினேன்.

"நல்லா இருக்குது. குடுத்துட்டு வாங்க" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. ஆனால் இந்த மாதிரி உண்மையான மனுக்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவை பொதுத் தபாலில் சேர்ந்து, எண் பெற்று, சுகமாக இருக்கும். எனவே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன்: மேற்படி மரத்தால் பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து ஏற்படும் நிலை உள்ளது. பணியில் இருந்தபோது அலுவலகத்துக்கு எதிரே டீக்கடையில் வந்து கெஞ்சும் மனுதாரர்களுக்கு நான் இலவசமாகத் தந்த வாக்கியம் அது. அது இருந்தால் மனு உடனடித் தட்டுக்குப் போகும். நாலு கோணத்தில் படம் எடுத்து இணைத்தேன். பாதையின் வரைபடம் போட்டு, மரத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்து ரசீது வாங்கினேன். பத்தாம் நாள் நினைவூட்டு அனுப்பினேன். கோப்பு நகர நகர, கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல அவளிடம் வந்து சொன்னேன்.

"சைட் பாக்க ஆர்டர் ஆயிடுச்சி."

"ஒரு கிளைக்கா?"

"முறைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?"

"நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்ளோ அலைஞ்சதில்ல" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு முதல் முறையாக, நான் இன்னும் வேலைக்கு ஆகும் ஆள் என்று தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பொய்யாகிவிடும்.

பங்குனியில் ஒலக்கூர் பக்கத்தில் அவள் தங்கை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய் மூன்று நாள் தங்கினோம். பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். மூன்று நாளும் அவள் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். புது வீடு, தெரியாத சுவர்கள்; எழுந்தால் யாராவது ஓடிவந்து கையைப் பிடித்தார்கள்.

"அக்கா, பாத்ரூமா? இரு, நான் வர்றேன்."

"இல்லடி, சும்மா எழுந்தேன்."

"சும்மா எதுக்கு எழுந்துக்கினு? உக்காரு."

என் காதருகே அவள் சொன்னாள்: "எப்ப ஊருக்குப் போறோம்? காலு மரத்துப் போச்சி. ஒரு சுத்து நடந்தாத்தான் சரியாவும்."

அன்று மாலை என் கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. தங்கள் மனுவின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிவு செய்யப்பட்டது. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். சத்தமாகப் படித்தேன்.

"பாத்தியா? கிளைய வெட்டிட்டாங்க. ரெண்டு மாசம்கூட ஆவல."

தங்கையின் கணவர் கை தட்டினார். "சகலைனா சகலைதான்! எனக்கு ஒரு பட்டா மாத்தறது நாலு வருசமா பேஜாரா இருக்குது. நீங்கதான் எழுதித் தரணும்."

எழுதித் தந்தேன். அன்றிரவு திருப்தியாகச் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை வழக்கம்போலப் போனோம். வாசலில் என் விரல்களைப் பிரித்துவிட்டு அவள் நடந்தாள். மூன்று நாள் பசி காலில் தெரிந்தது. கை அகலமாக வீசியது. நான் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தேன். ஏதோ ஒன்று சரியாக இல்லை. வெளிச்சம் அதிகமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது, பூங்காவின் அந்தக் கோடியில், மரங்களின் மேல்விளிம்புக்கு நடுவே பெரிய வீட்டின் கதவு அளவுக்கு வானம் திறந்து கிடந்தது.

அவள் அப்போது மோட்டார் அறையைத் தாண்டிவிட்டாள்.

எழுந்து ஓடினேன். அறுபத்தெட்டு வயதுக்காரன் ஓடுவதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கூப்பிடலாமா என்று நினைத்தேன். கூப்பிட்டால் திரும்புவாள், கால் இடறும். தூரத்தில் அவள் நடை மெதுவானது. நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், ஹெட்போனில் லைன் கிடைக்காதபோது சாய்ப்பதுபோல. பிறகு இரண்டடி முன்னால் வைத்தாள். மறுபடி நின்றாள். இன்னும் இரண்டடி. முன்னால் வைத்த கால் முதல் படியின் விளிம்பில் பாதி வெளியே இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். விரலுக்கு நடுவே மணி. சுற்றிலும் மரத்தூள் வாசனை. அடிமரம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சாப்பாட்டு மேஜை அகலத்துக்கு, நடுவில் ஒரு பொத்தல்கூட இல்லாமல் சிவந்திருந்தது. துண்டு போட்ட கட்டைகள் ஓரமாக அடுக்கியிருந்தன. கிளைகளை நெற்றோடு சேர்த்துக் குவித்திருந்தார்கள்.

"நாலாவது பத்து முடிஞ்சி, அஞ்சாவதுல மூணு மணி ஆயிடுச்சி" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "மரத்தக் காணோம்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் பிரிக்கவில்லை.

காவலாளி பின்னாலேயே வந்துவிட்டார். "சார், நான் இன்னா சார் பண்றது? மிஷின் வச்சி ஜல்தியா அறுத்துப் போட்டுட்டுப் போய்க்கினே இருந்தாங்க. கேட்டதுக்கு உங்க மனுவத்தான் காட்டினாங்க. சார் குடுத்த மனுவாச்சே, சார் ரூல் தெரிஞ்சவராச்சேன்னு நானும் கம்னு உட்டுட்டேன்."

அவரை ஒன்றும் சொல்வதற்கில்லை.

அன்றே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பூங்காப் பிரிவின் பொறியாளர் இளம் பெண். என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தாள். நான் மனுவின் நகலை எடுப்பதற்குள் கோப்பையே எடுத்து முன்னால் வைத்தாள்.

"சார், இந்த மாதிரி ஒரு மனு நான் பாத்ததே இல்ல சார். போட்டோ, பிளான், எல்லா இணைப்பும். புதுசா வர்றவங்களுக்கு மாடலா காட்டலாம்னு வச்சிருக்கேன்."

"கிளைய மட்டும்தானம்மா வெட்டச் சொன்னேன்."

"நானும் மொதல்ல கிளை மட்டும்னுதான் சார் நெனச்சேன். ஆனா உயிருக்கு ஆபத்துன்னு எழுத்துல வந்துடுச்சி. மரம் நல்லா இருக்குது, நிக்கட்டும்னு நான் கையெழுத்து போட்டா, நாளைக்கி ஒரு புயல்ல அது சாஞ்சா யாரு சார் பதில் சொல்றது? நெனவூட்டு வேற அனுப்பியிருந்தீங்க." அவள் தயங்கினாள். "என் சீட்ல நீங்க இருந்தா இன்னா சார் பண்ணியிருப்பீங்க?"

கேலி இல்லை; நிஜமாகவே கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். நான் பணிபுரிந்த ஓர் ஊரில், பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் நாலைந்து ஓடு உடைந்து ஒழுகியது. தலைமையாசிரியர் மனு கொடுத்தார். சீக்கிரம் நடக்கட்டும் என்று உயிருக்கு ஆபத்து என்று எழுதியிருந்தார். குறிப்பு வரைந்தவன் நான். ஓடு மாற்றினால் போதும் என்று எழுதிவிட்டு ஒரு குழந்தையின் தலையில் சுவர் விழுந்தால்? முழுக் கட்டடத்தையும் இடிக்கப் பரிந்துரைத்தேன். இடித்தார்கள். புதியது வர வருடங்கள் ஆயின. அதுவரை பிள்ளைகள் தகரக் கொட்டகையில் வெந்தார்கள். நல்ல குறிப்பு என்று மேலிடத்தில் பாராட்டினார்கள். ஆபத்து என்று ஒருவன் எழுதிக் கொடுத்த பிறகு மரத்தை நிற்க விடும் அதிகாரி, தன் ஓய்வூதியத்தை அந்த மரத்துக்கு ஜாமீன் வைக்கிறான். இது எனக்குத் தெரியாததல்ல. எல்லோரையும்விட எனக்குத்தான் தெரியும். தெரிந்தே அந்த வாக்கியத்தை எழுதினேன்; அது என் வீட்டு மரத்துக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்திருக்க வேண்டும்.

"நானா இருந்தாலும் இதத்தாம்மா பண்ணியிருப்பேன்" என்றேன். அவள் முகத்தில் நிம்மதி வந்தது. டீ வரவழைத்தாள்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்பது விதி. நட்டுவிட்டார்கள். திருப்பத்தில் அல்ல, பின்பக்க மதிலோரம், வரிசையாக, கம்பிக்கூண்டுக்குள். திருப்பத்தில் அந்த இடம் வேறொன்றுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதாம்: ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் வைத்து, அதன் முன்னால் நின்று மக்கள் படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை. எழுத்துகள் சத்தம் போடாது.

அடுத்த மனுவை எழுதினேன். பழக்கம் விடாது. பாதை திரும்பும் இடத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி, அல்லது காலுக்குத் தெரியும்படி சொரசொரப்பாக ஒரு வரிசைக் கல். இந்த முறை ஆபத்து என்ற சொல்லை எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று தெரியும்: பார்வையற்றோர் துணையின்றி நடக்கக் கூடாது என்று பலகையில் பதினைந்தாவதாக ஒன்று சேர்ந்திருக்கும். உண்மையை மட்டும் எழுதினேன். முறையாகப் பதில் வந்தது: நிதி ஒதுக்கீடு பெறப்படும் பட்சத்தில் பரிசீலிக்கப்படும். என் கையாலேயே எத்தனையோ பேருக்கு எழுதி அனுப்பிய வாக்கியம். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அதற்கு அர்த்தம் கிடையாது.

காணைக்காரர் தம் வீட்டில் கிடந்த மாட்டுக் கழுத்து மணி ஒன்றைக் கொண்டுவந்தார். "இத அந்த லைட்டு கம்பத்துல கட்டி உடுங்க சார். இதுக்கு யாரையும் கேக்காதீங்க." கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அனுமதி பெறாமல் பொது இடத்தில் ஒரு பொருளைக் கட்டினேன். காற்றுக்கு அது அசையவே இல்லை. மாடு அசைந்தால்தான் ஒலிப்பேன் என்று தொங்கியது. மூன்றாம் நாள் அதையும் காணோம். காவலாளி தம் அறையிலிருந்து எடுத்துவந்து நீட்டினார்.

"யாரோ புகார் பண்ணிட்டாங்க சார். பதினோராவது ரூலு. பூங்காவுல எதையும் கட்டக் கூடாது. நீங்களே சொல்லுவீங்களே, ரூலுன்னா ரூலுதான்னு."

பெற்றுக்கொண்டதற்கு நோட்டில் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நாட்களில் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் பதில் தயாராக வைத்திருந்தேன், பத்தி பத்தியாக. ஒரு மத்தியானம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த மனுவோட காப்பி இருக்குது இல்ல? படிங்க."

"எதுக்கு இப்ப?"

"படிங்க. நீங்க எனக்குப் படிச்சிக் காட்டினது நாலு வரி."

படித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. சேர்த்த வாக்கியத்துக்கு வந்ததும் குரலை வேகமாக்கினேன்; குரல் விஷயத்தில் அவளிடம் எதையும் ஒளிக்க முடியாது. முடித்தேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். "ஒரு குறையும் இல்லீங்க."

கையைக் கழுவ எழுந்து, எட்டுக் காலடி எண்ணிப் போனாள்.

என்னிடம் ஒரு பை இருந்தது. கட்டைகளை வண்டியில் ஏற்றும் முன், குவித்திருந்த கிளைகளிலிருந்து நெற்றுகளைப் பொறுக்கி வைத்திருந்தேன். மறுநாள் காலை, "திருப்பத்துல பழைய சத்தம் கேக்கும், போ" என்று அவளை வாசலில் விட்டுவிட்டு, குறுக்கே புல்வெளியில் நடந்து திருப்பத்துக்குப் போனேன். அடிமரத்தின் மேல் ஏறி நின்றேன். அவள் மோட்டார் அறையைத் தாண்டியதும் ஒரு கொத்து நெற்றைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டத் தொடங்கினேன். நடைக்கு வந்த ஒரு கூட்டம் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தது. கிலுகிலுவென்ற சத்தம் சரியாகத்தான் இருந்தது. அவள் வந்தாள், தலையைச் சாய்த்தாள், இடப்பக்கம் திரும்பினாள், போனாள். எனக்கு மூச்சு வந்தது. தூங்குகிற கோப்பு ஒன்று கடைசியில் நகர்ந்துவிட்டது போலிருந்தது.

இரண்டாம் நாளும் திரும்பினாள். மூன்றாம் நாள் திருப்பத்தில் நின்றுவிட்டாள். முகம் நேராக என் பக்கம் இருந்தது.

"போதும், இறங்குங்க."

"ஏன்? சத்தம் சரியா கேக்குது இல்ல?"

"கேக்குது."

"அப்புறம் இன்னா?"

"கை வலிக்கலியா உங்களுக்கு?"

"இல்ல."

"பொய்யி. நேத்து ராத்திரி தோளுக்குத் தைலம் தடவிக்கினீங்க, வாசனை வந்துது." ஜெபமாலையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "மரம் எனக்காக ஒண்ணும் நிக்கல. அது பாட்டுக்கு நின்னுக்கினு இருந்துது. நான் பாட்டுக்குப் போய்க்கினு இருந்தேன். நீங்க எனக்காக நிக்கிறீங்க. அப்ப கையப் பிடிச்சிக்கினே போலாமே."

கையை நீட்டினாள். நான் அடிமரத்திலிருந்து இறங்கிப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சுற்றைச் சேர்ந்து முடித்தோம். ஐந்தாவது பத்தை அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு சில வாரங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பிறகு முழங்கால் வலிக்கிறது என்றாள். பிறகு வெயில் என்றாள். பிறகு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டாள், நான் கேட்பதையும். மருத்துவர் அவளை நடக்கச் சொல்கிறார். "நடக்கறேன் டாக்டர்" என்கிறாள். போன மழைக்கு முன்பே மதிலோரக் கன்றுகளில் ஏழு காய்ந்துவிட்டன. மீதி மூன்றில் ஒன்றுகூட வாகை இல்லை. இருந்திருந்தாலும் அது நெற்று விடும்போது எங்கள் இருவரில் யாருக்கும் திரும்ப வேண்டிய அவசியம் இருக்காது.

இப்போது காலை ஐந்தே முக்காலுக்கு அவள் கூடத்தில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறாள். நான் அடுத்த அறையில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தப் பத்தில் இருக்கிறாள் என்று இப்போது எனக்கும் தெரியும். நான்காவது முடியும் இடத்தில் அவள் குரல் கொஞ்சம் நிற்கும். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், தரையில் ஊன்றியிருக்கும் அவள் கால்கள் இரண்டும் இடப்பக்கமாகச் சற்றே திரும்புவது தெரியும்.